வேறு வைத்த அடுப்பும் சாவிக்கொத்தும்: மாநில சுயாட்சியில் எதை முதலில் கேட்பது?

காரைக்குடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். 2025 ஏப்ரலில் மாநில சுயாட்சி பற்றி ஆராய, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு அரசு ஒரு உயர்மட்டக் குழுவை அமைத்தது. அதிலிருந்து எங்கள் பேச்சும் அதைச் சுற்றியே போயிற்று. நாமும் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்று முடிவானது. எழுத உட்கார்ந்ததும் சிக்கல் வந்தது. கேட்க வேண்டியவை இருபது இருக்கின்றன, எதை முதலில் கேட்பது?

இந்தக் கேள்வியை நான் சின்னதாக நினைக்கவில்லை. 1969-ல் கலைஞர் அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971-ல் அறிக்கை கொடுத்தது. மத்தி, மாநிலம், பொது என்று அதிகாரத்தைப் பிரிக்கும் பட்டியல்களை மாற்றி எழுத வேண்டும், மாநில ஆட்சியைக் கலைக்க வழி செய்யும் 356-ஆவது பிரிவை எடுத்துவிட வேண்டும், ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற அகில இந்தியப் பணிகளே வேண்டாம், எந்தப் பட்டியலிலும் சேராத எஞ்சிய அதிகாரம் மாநிலத்துக்கு வர வேண்டும் என்று அதில் எல்லாமே இருந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் அதை ஒட்டித் தீர்மானமும் போட்டது. அத்தனையும் ஒரே மூட்டையாக டெல்லிக்குப் போனது, மூட்டையை அங்கே யாரும் பிரிக்கவில்லை. இந்தத் தடவை ஒன்றை முன்னால் வைத்துக் கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதிர்ப்பக்கத்துக்கு வரும் என்பது என் எண்ணம்.

எதை என்று யோசிக்கும்போது எனக்கு அப்பத்தா சொன்ன ஒரு கதைதான் அளவுகோலாக நின்றது.

செட்டிநாட்டு வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் மருமகளையும் தனிக் குடும்பமாக வைத்துவிடுவார்கள். அதற்காக வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வளவு, அதே முகப்பு, அதே பட்டாலைதான். நடுமுற்றமான வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஒன்று அவர்களுக்கு, பின்கட்டில் ஒரு அடுப்பு அவர்களுக்கு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, கைச்செலவுக்கு இவ்வளவு பணம் என்று பேசிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஊருக்கும் கோயிலுக்கும் தனிப் புள்ளி, அதாவது கணக்கில் தனிக் குடும்பம். அப்பத்தா சொல்லும்: "என்ன குழம்பு வச்சேன்னு எங்க மாமியார் ஒருநாளும் கேட்டதில்ல. கேக்கக் கூடாதுன்னுதானே வேறு வைக்கிறது."

அடுத்த வளவு வீட்டில் அப்படி இல்லையாம். அங்கேயும் மருமகளுக்குத் தனி அடுப்புதான். ஆனால் சாமான் அறைச் சாவி மாமனார் இடுப்பில் இருந்தது. மாதா மாதம் அந்தப் பெண் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும், அவர் படியால் அளந்து போடுவார். போன மாசப் பருப்பு என்னாச்சு, யாருக்கு விருந்து வச்சே என்று கேட்டுவிட்டுத்தான் அளப்பார். ஒருமுறை அவருக்குப் பிடிக்காத யாரோ விருந்துக்கு வந்துபோனதற்கு அந்த மாதம் அரிசி பாதியாகிவிட்டது. ஊர்க்கணக்கில் இரண்டு வீட்டிலும் தனிப் புள்ளிதான். எது வேறு வைத்த வீடு என்று அப்பத்தாவிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்லும்.

ஆக, ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது எனக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. சாமான் அறைச் சாவி யாரிடம்? கொடுத்ததை ஒரு கோபத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?

எங்கள் கூட்டத்தில் அதிகம் பேர் சொன்னது, கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று. நியாயமான கோபம்தான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குத் தூக்கிப் போட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இதை முதல் கோரிக்கையாக வைக்க எனக்குத் தயக்கம். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அப்புறம் பாதி மாநிலங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். அதெல்லாம் நடந்தாலும்கூட, எல்லாரும் மனதில் வைத்திருக்கும் நீட் தேர்வு போகாது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 66-ஆவது பதிவில் தனியாக இருக்கிறது. அது 1950-லிருந்தே அங்கேதான் இருக்கிறது. பட்டியல் மாறும், அளக்கும் படி அவர்களிடமே இருக்கும்.

பட்டியலையே தலைகீழாக எழுதலாம் என்பது இதன் இன்னொரு வடிவம். ஸ்காட்லாந்தில் அப்படித்தான் செய்தார்கள். 1997 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 74 சதவீதம் பேர் தங்களுக்கென்று ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள். 1998-ல் வந்த ஸ்காட்லாந்து சட்டம், லண்டனுக்கு எவையெவை என்று மட்டும் பட்டியல் போட்டது. அதில் இல்லாத எல்லாம் எடின்பரோவுக்கு. இந்தியாவில் நேர் எதிர், எந்தப் பட்டியலிலும் இல்லாதது எல்லாம் டெல்லிக்கு.

நம் ஊர்க்காரர்களுக்கு ஸ்காட்லாந்து முறை புதிதல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன ஏஜெண்டுகளுக்கு மூன்று வருஷக் கணக்குப் பேசி, முதலாளி அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். யாருக்குக் கடன் கொடுப்பது, என்ன வட்டி, எந்த ஈட்டை ஏற்பது எல்லாம் கடையில் உட்கார்ந்திருப்பவர் முடிவு. தேவகோட்டையில் இருக்கும் முதலாளி கடிதத்தையும், ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கையும் பார்ப்பார். ஒவ்வொரு கடனுக்கும் கப்பலில் கடிதம் போட்டு உத்தரவு வாங்கியிருந்தால் ஒரு கடையும் நடந்திருக்காது.

ஆனால் ஸ்காட்லாந்தின் செலவுப் பணத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் லண்டன் அனுப்பும் தொகையாகவே இருந்தது. 2016-ல்தான் வருமான வரி விகிதங்களைத் தாங்களே வைத்துக்கொள்ளும் அதிகாரம் வந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிரந்தரமானது என்று அப்போது சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படி எழுதியும், 2023 ஜனவரியில், அந்த நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாலின அங்கீகார மசோதாவை லண்டன் அமைச்சர் ஒரு உத்தரவில் தடுத்து நிறுத்தினார். அந்தத் தடுக்கும் பிரிவு 1998-லிருந்தே சட்டத்தில் இருந்தது, முதல் தடவை பயன்பட்டது அப்போதுதான். ஆளுநர் மேசையில் மசோதாக்கள் தூங்குவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வழியைத்தான் நான் அதிக நாள் படித்தேன். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாடு. அங்கே வருமான வரி, நிறுவன வரி முதலான பெரும்பாலான வரிகளையும் பாஸ்க் மக்களின் மூன்று மாகாண நிர்வாகங்களே வசூலிக்கின்றன. மத்திய அரசு இருக்கும் மாட்ரிட் வசூலிப்பதில்லை. ராணுவம், வெளியுறவு போல மாட்ரிட் தன் கையில் வைத்திருக்கும் வேலைகளுக்கு ஆகும் செலவில் 6.24 சதவீதம் பாஸ்க் பங்கு என்று கணக்குப் போட்டு, அதை வருஷா வருஷம் பாஸ்க் நாடு கட்டுகிறது. அந்த விகிதம் 1981-லிருந்து மாறவில்லை. பணம் போகும் திசையைக் கவனியுங்கள். நம் ஊரில் மத்திய அரசு வசூலித்து மாநிலத்துக்கு அளந்து போடுகிறது. அங்கே மாநிலம் வசூலித்து மத்திய அரசுக்கு அளந்து போடுகிறது.

இதைப் படித்ததும் எனக்குப் புள்ளி வரி ஞாபகம் வந்தது. கோயிலுக்கும் ஊர்ப் பொதுக்காரியத்துக்கும் ஒவ்வொரு புள்ளியும் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டும். கோயில் நிர்வாகம் வந்து என் பெட்டியைத் திறந்து எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை வைத்துவிட்டுப் போகாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1878-ல் தொடங்கிய இந்த முறையை, உள்நாட்டுப் போர் நடந்த 1937-ல் சர்வாதிகாரி பிராங்கோ இரண்டு மாகாணங்களுக்கு ரத்து செய்தார். தன்னை எதிர்த்த பிஸ்காயா, கிபுஸ்கோவா இரண்டுக்கும் அது தண்டனை. தன் பக்கம் நின்ற ஆலவா மாகாணத்துக்கு விட்டுவைத்தார். ஜனநாயகம் திரும்பிய பிறகு 1981-ல்தான் மூன்றுக்கும் சேர்த்து மீண்டது. அதே ஸ்பெயினில் கேட்டலோனியாவுக்கு இந்த ஏற்பாடு இல்லை. 2017-ல் தனிநாட்டு வாக்கெடுப்பு நெருங்கியபோது மாட்ரிட் முதலில் செய்தது கேட்டலோனிய அரசின் செலவுகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்ததுதான். அரசைக் கலைத்தது அடுத்த மாதம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கதை நம் ஊருக்குப் பழக்கமான மலேசியாவில் இருக்கிறது. 1963-ல் சபா மலேசியாவில் சேர்ந்தபோது, சபாவிலிருந்து மத்திய அரசு கூடுதலாக வசூலிக்கும் வருவாயில் 40 சதவீதம் சபாவுக்குத் திரும்ப வர வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1974-லிருந்து அந்தக் கணக்குப்படி பணம் வரவில்லை. வசூல் கோலாலம்பூர் கையில் இருந்தது. சபா கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பணத்தைக் கொடுக்காமல் விட்டது சட்டவிரோதம் என்று கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் சொன்னது 2025 அக்டோபரில். இடையில் ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. காகிதத்தில் 40 சதவீதம் இருந்த சபாவையும், 6.24 சதவீதம் கட்டும் பாஸ்க் நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வசூல் யார் கையில் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்படியானால் பாஸ்க் வழியைத்தானே முதலில் கேட்க வேண்டும்? என் மனசும் அங்கேதான் போனது. இரண்டு காரணங்களுக்காக நிறுத்திக்கொண்டேன். முதலாவது, பாஸ்க் நாட்டில் இருப்பது ஏறக்குறைய 22 லட்சம் பேர். அவர்கள் தனிக்கணக்கு வைத்துக்கொண்டால் ஸ்பெயின் தாங்கிக்கொள்ளும். 2011 கணக்கெடுப்பிலேயே 7 கோடியைத் தாண்டிய தமிழ்நாடும், அதைப் பார்த்து மகாராஷ்டிரமும் கர்நாடகமும் அதையே கேட்டால் பீகாரின் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? நம் கோயில் கணக்கிலேயே எல்லாருக்கும் சமமான புள்ளி வரி ஒன்று, இருப்பவர் கூடக் கட்டும் ஆஸ்தி வரி ஒன்று என்று இரண்டு உண்டு. ஆஸ்தி வரி வேண்டாம், புள்ளி வரி மட்டும் கட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாஸ்க் ஏற்பாட்டின் மேல் ஸ்பெயினின் ஏழைப் பகுதிகள் சொல்லும் குறையும் இதுதான். இரண்டாவது காரணம் ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1-க்குப் பிறகு நம் விற்பனை வரியின் பெரும்பகுதி ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், மத்திய அரசின் ஓட்டு மட்டுமே மூன்றில் ஒரு பங்கு. அது சம்மதிக்காமல் எதுவும் நகராது. இருந்த சாவியையும் கொடுத்துவிட்ட நிலையில் முழுப் பெட்டகத்தையும் கேட்டால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும்.

கியூபெக் பற்றிச் சொன்னது எங்களில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணம் அது. 1950-களிலும் 60-களிலும் கனடாவின் மத்திய அரசு மருத்துவமனை, சமூக உதவி என்று நாடு முழுக்கத் திட்டங்களைக் கொண்டுவந்தது. கியூபெக் சொன்னது ஒன்றுதான்: திட்டம் உங்களுடையது, எங்களுக்கு வேண்டாம். ஆனால் எங்கள் மக்கள் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், அதே காரியத்தை எங்கள் வழியில் செய்துகொள்கிறோம். 1965-ல் அதற்கு ஒரு சட்டமே வந்தது. அந்தச் சட்டம் கியூபெக்குக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை, எல்லா மாகாணத்துக்கும் கதவு திறந்திருந்தது. கியூபெக் ஒன்றுதான் உள்ளே போனது. இன்றும் அங்கே வசிப்பவர்களுக்கு மத்திய வருமான வரியில் 16.5 சதவீதம் கழிவு உண்டு. அந்த இடத்தில் மாகாணம் தன் வரியைப் போட்டுக்கொள்கிறது. ஓய்வூதியத்திலும் அப்படித்தான். 1966-ல் கனடா முழுக்க ஒரு திட்டம் வந்தபோது கியூபெக் தனக்கென்று ஒன்றை நடத்தியது.

யார் உரிமையையும் இது தொடவில்லை. மற்ற மாநிலம் மாற வேண்டியதில்லை, சம்மதிக்க வேண்டியதுகூட இல்லை. வேண்டும் என்கிறவன் திட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்கிறவனுக்குப் பணம் வரட்டும்.

நமக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். மாநிலம் 2025-ல் உச்ச நீதிமன்றப் படியேறியது. தேசியக் கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா என்ற சண்டை தனி. எனக்கு அது அடுத்த வளவு மாமனாரின் அரைப் படி அரிசியாகத்தான் தெரிகிறது. விருந்துக்கு யார் வந்தது என்பதற்கும் குழந்தை சாப்பிடும் அரிசிக்கும் என்ன சம்பந்தம்?

தனி வழியில் போனால் தரம் கெடும் என்று பயப்படுகிறவர்களுக்கு மதிய உணவை நினைவுபடுத்த ஆசைப்படுகிறேன். 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி 1982-ல் எம்ஜிஆர் விரித்த திட்டம் அது. அரசுப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது 2001-ல். ஒரு மாநிலம் தன் அடுப்பில் சமைத்துப் பார்த்ததைத்தான் பிறகு நாடே சாப்பிட்டது.

இந்த வழியில் இன்னொரு வசதி, இதற்குப் பட்டியலை மாற்ற வேண்டாம். மத்தியத் திட்டங்களுக்கான பணம் பெரும்பாலும் அரசியலமைப்பின் 282-ஆவது பிரிவின் கீழ் மானியமாக வருகிறது. விதிமுறையை மாற்ற மனசு இருந்தால் போதும். குறையும் அதுவேதான். விதிமுறையால் வந்ததை விதிமுறையால் எடுத்துக்கொள்ளலாம். அதனால் இதை ஒரு சட்டமாகவே கேட்க வேண்டும் என்று எழுதினோம்.

திரும்ப எடுப்பதைப் பற்றிய என் இரண்டாவது கேள்விக்கு எந்த வழியிலும் முழுப் பதில் கிடைக்கவில்லை. இந்தியாவில் ஒரு மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம், அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவு அப்படி. 2019-ல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசமானது அந்தப் பிரிவால்தான். ஆட்சிக் கலைப்புக்கு, எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் கொடுத்த தீர்ப்பு ஒரு பூட்டுப் போட்டது, ஓரளவு பிடிக்கிறது. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு தடவை தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தது போல இப்போது சுலபமாகக் கலைக்க முடியாது.

பர்மாவை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் வளவில் நிற்கும் தேக்குத் தூண்கள் அங்கிருந்து வந்தவை. 1947 பிப்ரவரி 12-ல் பாங்லாங்கில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான், ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு உட்கார்ந்து, எல்லைப்புற மக்களுக்கு உள்நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி என்று ஒப்பந்தம் போட்டார். ஆறு மாதம் முடிவதற்குள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1962 மார்ச்சில் அந்த மாநிலத் தலைவர்கள் கூட்டாட்சி கேட்டு ரங்கூனில் பேசிக்கொண்டிருந்தபோதே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம்மவர்கள் ஊர் திரும்பினார்கள். ஷானும் கச்சினும் கேட்டது இன்றுவரை கிடைக்கவில்லை, சண்டையும் ஓயவில்லை.

கடைசியாக வந்த யோசனைதான் எங்கள் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தது. பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா, ஊராட்சியில் உறுப்பினராக இருந்தவர், இப்படிக் கேட்டார்: "டெல்லிகிட்ட சென்னை கேக்குறதெல்லாம் சரி. சென்னைகிட்ட நாங்க கேட்டா?" அவர் ஊரில் ஊருணி வரத்துக்கால் அடைத்துக் கிடந்தது. மழை பெய்தால் வீட்டுக் கூரைகளிலிருந்து இறங்கித் தெருவோரம் ஓடி ஊருணிக்குப் போக வேண்டிய தண்ணீர் ரோட்டில் நின்றது. தூர்வார ஊராட்சியில் தீர்மானம் போட்டார்கள். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று அலைந்து தாள் திரும்பி வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சிவகங்கை உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது, தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது.

இலங்கையில் 1987-ன் 13-ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொடுத்தது. காணி, காவல் அதிகாரங்களைக் கடைசிவரை கையில் தரவில்லை. 2014-ல் நடந்த ஊவா தேர்தலுக்குப் பிறகு பல ஆண்டுகளாக எந்த மாகாணத்துக்கும் தேர்தலே இல்லை. வட மாகாணத்தை ஆளுநர் நடத்துகிறார் என்று நாம் வருத்தப்படுகிறோம், அந்த வருத்தம் உண்மையானது. அதே வருத்தத்தோடு நம் ஊராட்சி அலுவலகத்தையும் பார்க்கச் சொன்னார் அந்த அக்கா. சிலர், இதை எழுதினால் மாநிலத்தின் வாதம் பலவீனமாகும் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாஸ்க் நாட்டிலேயே சாவி வட்டார அரசிடம் இல்லை, அதற்கும் கீழே மூன்று மாகாணங்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் வாதம் அதனால் பலவீனப்படவில்லை.

கடிதம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. முதல் கோரிக்கை: மத்தியத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லும் மாநிலத்துக்கு, அதே துறையில் செலவிட, அதே பணத்தைத் தரும் சட்டம். இரண்டாவது: மாநிலங்களோடு பங்கிட வேண்டிய கட்டாயமில்லாத செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகளின் வசூலுக்கு ஒரு உச்சவரம்பு. மூன்றாவதைக் கை தூக்கச் சொல்லி ஓட்டுக்கு விட்டோம். ஏழுக்கு நான்கு என்று நின்றது, எழுதினோம்: முதல் கோரிக்கையில் டெல்லியிடம் கேட்கும் அதே உரிமையைத் தமிழ்நாடு அரசு தன் ஊராட்சிகளுக்கு இப்போதே கொடுக்க வேண்டும், பதவிக்காலம் முடிவதற்கு முன் தேர்தலை நடத்த வேண்டும். கல்விப் பட்டியல் நான்காவதாகப் போனது. அதில் எங்கள் கணக்காசிரியர் ஐயாவுக்கு இன்னும் வருத்தம்தான். அடுத்த மாதக் கூட்டத்தில் அதை மறுபடி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.